மேலூர் வரைக்கும் கை படாம

அந்தக் கம்பியப் பிடிக்காதீகம்மா. உங்களத்தான் சொல்றேன். முன் சீட்டுக் கம்பிய விட்டுட்டு கைய மடியில வச்சு உக்காருங்க. இந்த பஸ்ஸு ஓடுற ஓட்டத்துக்கு யாரும் விழுந்துற மாட்டாக. நான் அருப்புக்கோட்டையில ஏறுனவ. மாட்டுத்தாவணிக்குள்ள வந்து நின்னு, உங்கள ஏத்திக்கிட்டு, இந்தா ஒத்தக்கடைப் பக்கம் திரும்பியாச்சு. இன்னும் ஒண்ணையும் தொடல.

கோவிச்சுக்கிடாதீக. சொன்னாக் குத்தம், சொல்லாட்டி அதைவிடக் குத்தம். நீங்க உக்காந்திருக்கிற எடத்துல யாரு இருந்தா தெரியுமா? ஒரு பெரியவரு. காரியாபட்டியில ஏறுனாரு. வாய்க்குள்ள விரல விட்டு வெத்தலச் சக்கைய எடுத்து வெளிய வீசிட்டு, அதே விரலால இந்தக் கம்பியப் பிடிச்சாரு.  அவருக்கு முன்னாடி ஒரு பொண்ணு, மூக்கு ஒழுகுற பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு. அந்தப் பிள்ளை கம்பிய நக்குச்சும்மா. ஐஸ் குச்சிய நக்குற மாதிரி நக்குச்சு. அவ செல்போனப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கா. நான் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அப்பறம் நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன். உங்களப் பாத்தா படிச்ச பிள்ளையாத் தெரியுது, அதான் சொல்றேன்.

கைய நீட்டுங்க, கிருமி மருந்து ரெண்டு சொட்டு விடுறேன். நல்ல சரக்குதான், ஆஸ்பத்திரியில சொன்னது. நகக்கண்ணுல தேயுங்க. பெருவிரலுக்கு அடியிலயும் தேயுங்க, அதைத்தான் எல்லாரும் விட்டுர்றாக. ம், இப்ப சரி.

நீங்க எங்க, திருச்சிக்கா? நான் மேலூருதான். எங்க வீட்டுக்காரக அங்க இருக்காக, அவுக அக்கா வீட்டுல. கூட்டிட்டு வரப்போறேன். இன்னைக்கு முடிவு பண்ணித்தான் வந்திருக்கேன். ரெண்டு மாசமாச்சு. போதும்ல? புருசன் ஒரு ஊருல பொண்டாட்டி ஒரு ஊருலன்னு எத்தன நாளைக்கு இருக்க முடியும், சொல்லுங்க. பிள்ளைகுட்டி இருந்தாலாவது அதுக மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் காலத்த ஓட்டலாம். எங்களுக்கு அதுவும் இல்ல. நான் அவுகளுக்கு, அவுக எனக்கு.

அவுக கண்டக்டரு. இதே ரூட்டுதான், முப்பத்தொரு வருசம். இந்தா, நமக்கு டிக்கெட்டுக் குடுத்துட்டுப் போனாருல்ல சேவியர் தம்பி, அவரெல்லாம் அவுகளுக்குப் பின்னாடி வந்தவரு. மலைச்சாமி அண்ணன் மலைச்சாமி அண்ணன்னு உசுர விடுவாக எல்லாரும். பேரச் சொல்லிட்டேனா? சொன்னாச் சொல்லிட்டுப் போறேன். மெசினு வாறதுக்கு முந்தி, எச்சியத் தொட்டுத்தான் டிக்கெட்டுக் கிழிப்பாக. ஒரு நாளைக்கு எத்தன கை, எத்தன காசு, எத்தன எச்சி. வீட்டுக்கு வந்து அப்படியே சோத்துல கைய வைப்பாக. நானும் அப்ப இப்படியெல்லாம் இல்லம்மா. பஸ்ஸு ஸ்டாண்டுல தண்ணிப் பாக்கெட்டப் பல்லால கடிச்சுக் குடிச்சவதான் நான். ஒண்ணும் ஆகல. அப்ப ஒண்ணும் ஆகல.

அப்பறம் சக்கர வந்துச்சு. பிரசரு வந்துச்சு. காலு வீங்கி, மூஞ்சி வீங்கி, போய்ப் பாத்தா ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாக. வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்ணப் போறதும் வாறதும், ஒரு வருசம். நாரா உரிஞ்சு போனாக. அப்பத்தான் டாக்டரு, சொந்தத்துல யாராவது கிட்னி குடுத்தா வச்சுரலாம்னாரு. தவமணி, அவுக அக்கா, மேலூருக்காரி, நான் தர்றேன்னு மொத ஆளா வந்து நின்னா. வாஸ்தவந்தான், இல்லேங்கல. ஆனா அவளுக்குப் பிரசரு இருக்கு, எடுக்கக் கூடாதுன்னுட்டாக. நின்னா என்ன, எடுக்கலேல்ல? எடுத்தது யாருகிட்ட? என்கிட்ட. இந்தா, இந்த எடது வெலாவுக்குக் கீழ ஒரு சாண் தையலு. தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறம்பாக. எங்களுக்கு வயிறும் ஒண்ணாப்போச்சும்மா. என் கிட்னிதான் இப்ப அவுக வயித்துக்குள்ள இருந்து வேல பாக்குது.

டாக்டரு எங்கள உக்கார வச்சுச் சொன்னாரு. உடம்புக்கு எதிர்ப்புச் சக்திய மருந்து குடுத்துக் கொறச்சு வச்சிருக்கோம், இல்லாட்டி உங்க கிட்னிய வேத்தாளுன்னு நெனச்சு அவரு உடம்பு வெளிய தள்ளிரும்னாரு. வேத்தாளா? இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துனவ கிட்னி வேத்தாளா? எனக்கு அன்னைக்கே சுருக்குனு இருந்துச்சு. சரி, டாக்டருகிட்டப் போயி வாதாட முடியுமா. அதனால சின்னச் சளி காச்சல்கூட இவருக்குப் பெருசா வந்துரும், கூட்டத்துல போகாதீக, கையக் கழுவுங்க, கண்டதையும் தொட விடாதீக, அப்படின்னாரு. தொட விடாதீக. அந்த ஒரு சொல்லத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன். 

வீட்டுல ஒரு பயல உள்ள விடல. வாசக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்னு பேசிட்டுப் போகணும். சேவியர் தம்பிகூட அப்படித்தான் நின்னுச்சு. சாத்துக்குடி வாங்கிட்டு வந்துச்சு, பாவம். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நியில போட்டு எடுத்தேன். ஒரு மாதிரி கசந்துதான் போச்சு. பேப்பர அயன் பண்ணித்தான் குடுப்பேன். அவுக தட்டு தனி, தம்ளரு தனி, பாயி தனி. நான் அடுப்படியில படுத்துக்கிட்டேன். பக்கத்து வீட்டு ராமலச்சுமி சிரிச்சா. என்னடி, மாமனுக்குத் தீண்டல் போட்டு வச்சிருக்கியான்னா. சிரிக்கட்டும், அவளுக்கு ரெண்டு கிட்னி இருக்கு.

ஆனா மாசம் ரெண்டு தடவ மதுரைக்குச் செக்கப்புக்கு வந்தாகணும். அங்கதான வெனையே. காருக்கு எங்க போக? பஸ்ஸுதான். நான் ஒரு ஏற்பாடு பண்ணுனேன். வெளிய கெளம்பிட்டா அவுகளுக்குக் கையே கிடையாது. நான்தான் கை. அவுக நெஞ்சோட கையக் கட்டிக்கிட்டு நடக்கணும், சாமி கும்பிடப் போற மாதிரி. எதைத் தொடணும்னாலும் நான் தொடுவேன். நானும் வெறுங்கையால தொட மாட்டேன்ல, முந்தானையச் சுத்திக்கிட்டுத்தான். பஸ்ஸு கம்பி, முந்தானை. ஜன்னல் செட்டரு, முந்தானை. ஆஸ்பத்திரிக் கதவு, முந்தானை. லிப்டு பட்டன், முந்தானை. டிக்கெட்டு, சில்லறை, மாத்திரை அட்டை, எல்லாம் முந்தானையிலதான் வாங்குவேன். கை படவே படாது. படியில ஏறுறப்ப அவுகளுக்குக் கம்பி பிடிக்கணும்ல? பிடிக்க விட மாட்டேன். பின்னாடி நின்னு முந்தானை சுத்துன கையால நானே அவுகளத் தாங்கி ஏத்துவேன். முப்பத்தொரு வருசம் ஓடுற பஸ்ஸுல தொத்தி ஏறுன மனுசன். மூஞ்சி செத்துப்போகும். நான் அதைப் பாக்குறதில்ல. பாத்தா எனக்குத் தெம்பு போயிரும்.

மாஸ்க்கு போட்டா வேர்க்குமா இல்லையா? மூக்கு, வாயி, கழுத்தெல்லாம் கசகசன்னு ஆயிரும். அவுக கை படக் கூடாதுல்ல, அதனால நான்தான் தொடச்சு விடுவேன். முந்தானையாலதான். நெத்தி, மூக்கு, ஒதடு. குழந்தைக்குத் தொடைக்கிற மாதிரி தொடைப்பேன். அஞ்சு மாசம் அப்படிப் பாத்தேன். இந்த ரூட்டுல எந்தக் கிருமியும் அவுக கையில ஏறல. அடிச்சுச் சொல்லுவேன்.

என்னத்தப் பாத்து என்ன, ஆவணி மாசம் எல்லாம் போச்சு. தவமணியாலதான். அன்னைக்குச் செக்கப்பு முடிஞ்சு மாட்டுத்தாவணிக்கு வந்தோம். தம்பியப் பாக்கணும்னு அவளும் மேலூருல இருந்து வந்திருந்தா. நான் கட்டணக் கழிப்பறைக்குப் போனேன். அங்க ஒரு தாப்பா இருக்கும்மா, ஈரமா. அதை முந்தானையால நல்லா இறுக்கிப் பிடிச்சுச் சாத்தி, இறுக்கிப் பிடிச்சுத் தெறந்து, அஞ்சு நிமிசம்கூட இருக்காது, வெளிய வர்றேன். இங்க பாத்தா இவுக டீக்கடையில நிக்காக. மாஸ்க்கு நாடியில தொங்குது. கையில கண்ணாடி கிளாஸு. சுத்தி நாலு டிரைவரு கண்டக்டரு, எல்லாரும் சிரிக்காக. அக்காக்காரி பக்கத்துல நின்னு, குடிடா தம்பி, சூடா இருக்கறப்ப குடிடாங்கா. சுடுதண்ணியில கழுவுன கிளாஸாம், அவ சொல்றா. அவ கழுவுனாளா?

நான் ஓடுனேன் பாருங்க. கிளாஸைப் பிடுங்கிக் கீழ ஊத்துனேன். அந்த எடத்துலயே, எல்லாரு முன்னாடியும், முந்தானையால அவுக வாய அழுத்தித் தொடச்சேன். ஒதட்ட, ஒதட்டுக்கு உள்ள, பல்லு வரைக்கும். ஒரு சொட்டுகூட உள்ள தங்கக் கூடாதுன்னு. அவுக கண்ணுல தண்ணி வந்துச்சு. டீ சூடு போலன்னு நெனச்சேன். 

மூணாம் நாளு காச்சல். வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. நிக்கவே இல்ல. ராவோட ராவா மதுரைக்குக் கொண்டாந்து, பதினோரு நாளு. கிட்னி தாங்குமா தாங்காதான்னு டாக்டரு ஒரு பதிலும் சொல்லல. வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டுன கதையா, ஒரு டீயக் குடுத்து என் மனுசனச் சாகக் கெடத்திட்டா. வார்டு வாசல்லயே வச்சுக் கேட்டேன். நான் வயித்தக் கிழிச்சுக் கிட்னி குடுத்தேன், நீ டீயக் குடுத்தேன்னு. தல குனிஞ்சு நின்னா. 

அங்க ஒரு நர்ஸ் பிள்ளை. உங்க வயசு இருக்கும். ஒரு தாளு வச்சுக்கிட்டு வந்து ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு. என்ன சாப்பிட்டாக, என்ன தண்ணி, யாரு சமைச்சா. நானும் சொன்னேன். டீயச் சொன்னேன். மூணு தடவ சொன்னேன். அதை ஒரு தடவ எழுதிட்டு, அக்கா, வெளிய போறப்ப அவருக்கு மூஞ்சி தொடைக்கிறது எந்தத் துணியிலன்னு கேட்டுச்சு. என் முந்தானையிலதான், வேற எவ முந்தானையில தொடைப்பேன்னேன். கதவு கம்பியெல்லாம் எதால பிடிப்பீகன்னுச்சு. சொன்னேன்ல, முந்தானையாலன்னேன். அந்தப் பிள்ளை பேனாவ நிறுத்திட்டு என் முந்தானையப் பாத்துச்சு.  அப்பறம் என்னமோ எழுதிட்டு, இனிமே பேப்பர்த் துணி வாங்கிக்கங்கக்கா, ஒரு தடவ தொடச்சுட்டுத் தூக்கிப் போட்டுருங்கன்னுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன தெரியும். கட்டுன பொண்டாட்டி முந்தானையவிடச் சுத்தமான துணி இந்த ஒலகத்துல இருக்கா?

என்னத்தப் பாக்குறீக? இதுவா? ஆமா, இடுப்புல இறுக்கிச் சொருகி ஊக்குக் குத்தியிருக்கேன். காத்துல பறக்குதுல்ல, அதுக்காகத்தான். அன்னைக்குக் கட்டியிருந்த சேலையக்கூட எரிச்சுட்டேன். பழசு. ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு.

மணி என்னம்மா ஆச்சு? பத்தே முக்காலா. நேரத்துக்குத்தான் போகுது. கொஞ்சம் மெதுவாப் போனாத்தான் என்ன இவனுக்கு.

யாத்தே. பாத்தீகளா, பாத்தீகளா, பிரேக்கு போட்டு என்னையக் கம்பியப் பிடிக்க வச்சுட்டான். டோல்கேட்டு வரும்னு தெரியாதா இவனுக்கு, தெனமும் ஓட்டுறவனுக்கு? உள்ளங்கை முழுக்கப் பட்டுருச்சு. விரல் நுனின்னாக்கூடப் பரவாயில்ல. அந்தப் பிள்ளை நக்குன எடம்மா அது. என் பையில தண்ணி பாட்டிலு இருக்கு, எடுங்க. நீங்களே மூடியத் தெறந்து ஊத்துங்க, ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிறேன். ஊத்துங்க. இன்னும் ஊத்துங்க. கீழ ஸ்கூட்டர்க்காரன் திட்டுறான், திட்டட்டும். இப்ப அந்த மருந்த விடுங்க. இன்னும் ரெண்டு சொட்டு. ம்.

போச்சு. எவ்வளவு கழுவுனாலும் பட்டது பட்டதுதான.

நான் எதுல விட்டேன்? ஆங், பதினோரு நாளு. பன்னெண்டாம் நாளு வீட்டுக்குப் போகலாம்னுட்டாக. கிட்னி பொழச்சுக்கிச்சு. என் கிட்னில்ல, லேசுல போயிருமா. நான் ஆட்டோவுக்கு நிக்கிறேன். எல்லாம் கட்டி வச்சுட்டேன். இவுக ஆஸ்பத்திரி வாசல்ல அந்த சிமெண்டுப் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, நான் அக்கா வீட்டுக்குப் போறேன்னாக. எதுக்குன்னேன். கொஞ்ச நாளைக்குன்னாக. அந்தப் பெஞ்ச மொதல்ல விட்டு எந்திரிங்கன்னேன். எந்திரிக்கல. வேணும்னே ரெண்டு கையையும் பெஞ்சுல ஊனிக்கிட்டு உக்காந்திருக்காக. 

அப்பத்தான் பேசுனாக. அஞ்சு மாசத்துக்கும் சேத்துப் பேசுனாக. முப்பத்தொரு வருசம் நாலு பேரு என் மேல இடிச்சுக்கிட்டுப் போயி பொழச்சவன் நானு, எனக்கு அப்படி இருந்தாத்தான் உசுரோட இருக்கிற மாதிரி இருக்குன்னாக. சரி, அது ஒரு பேச்சு. பொறுத்துக்கிட்டேன். அடுத்தாப்ல ஒண்ணு சொன்னாகம்மா. ஆபரேசன் முடிஞ்சதுல இருந்து நீ என்னைய ஒரு நாளாவது வெறுங்கையால தொட்டியா? துணி வழியாத்தான் தொடுற, நான் என்ன பஸ்ஸு கம்பியாடின்னு கேட்டாக.

எப்படி இருக்கும் எனக்கு? வயித்தக் கிழிச்சு உள்ள இருக்கிறத எடுத்துக் குடுத்தவகிட்ட, கையால தொட்டியான்னு கணக்குக் கேக்குறாக. நான் எதுக்குத் தொடல? என் கையில இருக்கிறது அவுகளுக்குப் போயிரக் கூடாதுன்னுதான. ராத்திரி அடுப்படியில படுத்துக்கிட்டு அவுக மூச்சு விடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். எந்திரிச்சுப் போயி நெத்தியில கைய வச்சுப் பாக்கணும்னு இருக்கும். வைக்க மாட்டேன். அதை யாருகிட்டச் சொல்ல. அன்னைக்கு அந்த வாசல்ல சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தப் பெஞ்சுல எத்தன பேரு உக்காந்திருப்பான்னு தெரியுமான்னுதான் கேட்டேன். தவமணி ஆட்டோ பிடிச்சுட்டு வந்துட்டா. போயிட்டாக.

அப்பப்ப போன் பண்ணுவாக. மாத்திரை போட்டாச்சு, நீ சாப்பிட்டியான்னு கேப்பாக. நீ சாப்பிட்டியா, நீ தூங்குனியா, அவ்வளவுதான். எப்ப வருவீகன்னு நான் கேக்குறதில்ல. வான்னு அவுகளும் சொல்றதில்ல.

எந்த ஊரு இது, தெற்குத்தெருவா? அதுக்குள்ளயா? 

என்ன தம்பி? ஆமா சேவியரு, எறங்கத்தான் போறேன். மேலூரு டிக்கெட்டுத்தான வாங்கியிருக்கேன், பாத்துக்கிட்டுத்தான குடுத்த. யாரு சொன்னா நாலு வாரம்னு? மூணு வாரம். இன்னைக்குச் சேத்தாத்தான் நாலு. நீ போயி அந்தப் பின் சீட்டுக்காரருக்கு டிக்கெட்டக் குடு, போ.

அது ஒண்ணும் இல்லம்மா. அந்தத் தம்பிக்கு வியாழக்கிழமையானா இந்த டிரிப்புதான் டூட்டி. இவரப் பாக்குறதுக்குன்னு எங்க வீட்டுக்காரக மேலூரு ஸ்டாப்புக்கு வந்து நிப்பாக, ரெண்டு வார்த்த பேசுறதுக்கு. அதான் நானும் வியாழக்கிழமையாப் பாத்து ஏறுறேன். மொத வாரம் ஒரு ஆளு என் மேல தும்மிட்டான். மூஞ்சியில நேரா. அந்த மூஞ்சியோட அவுக முன்னாடி போயி நிக்க முடியுமா? அப்படியே திருச்சி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். மறுவாரம் மழை. பாதிச் சேலை படியில பட்டு நனைஞ்சு போச்சு. போன வாரம் நல்லாத்தான் வந்தேன். எதுவும் படல, எதுவும் தொடல. எறங்கலாம்னு எந்திரிச்சேன். காலு வரல. ஏன் வரலன்னு எனக்கே தெரியல.

பயமா இருக்கும்மா. இத்தன சாமர்த்தியமா பாத்துக்கிட்டும் அவுகளுக்கு வந்துச்சுல்ல. அப்ப டீயாலதான் வந்துச்சு. டீயாலன்னா எனக்கு என்ன பயம், நான் எறங்கிப் போக வேண்டியதுதான. அந்த நர்ஸ் பிள்ளை அப்படிப் பேனாவ நிறுத்திட்டுப் பாத்துருக்க வேணாம். ரெண்டு மாசமா அந்தப் பிள்ளை என்னையப் பாத்துக்கிட்டே நிக்குது. ஒருவேள நானே என் கையாலயே...

செட்டர இறக்குங்கம்மா. ஊரு வந்துருச்சு. இறக்குங்க, முழுக்க வேணாம், பாதி. எனக்குத் தெரியணும், நான் தெரியக் கூடாது. பஸ்ஸு நின்னுருச்சா? அந்தா, புளியமரத்துக்குப் பக்கத்துல டீக்கடை. பச்சக் கட்டம் போட்ட சட்ட. நீங்க எட்டிப் பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. மூஞ்சி வீங்கியிருக்கா? இல்லையா. காலு? செருப்புப் போட்டிருக்காகளா, அப்ப வீக்கம் இல்ல. நெறம் எப்படி இருக்கு, வெளுத்திருக்கா? நல்லா இருக்காகளா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்காகச் சொல்லாதீக. 

கையில என்னது? கிளாஸா. கண்ணாடி கிளாஸு. குடிக்காகளா? குடிச்சுட்டாக. ரெண்டு மாசமா இதைத்தான் குடிச்சிருக்காக. ஒண்ணும் ஆகல. பாத்தீகளா, ஒண்ணும் ஆகல அவுகளுக்கு.

யாருகூட வர்றாக? சேவியருகூடவா? ஏ தம்பி, சொல்லிட்டியா நீ? சொல்லாதன்னு சொன்னேன்ல உன்கிட்ட. இங்கதான் வர்றாக. நான் இல்லேன்னு சொல்லிருங்கம்மா. இந்த சீட்டுல யாரும் இல்லேன்னு, ஐயோ, செட்டரத் தட்டுறாக. தட்டிக்கிட்டே இருக்காக. சரி, தூக்குங்க. தூக்கிருங்க.

என்னங்க. ம். நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டேன். இல்ல, எறங்கல. திருச்சிக்கு ஒரு வேலையா... பொய்யெல்லாம் இல்ல. சரி, பொய்தான். எறங்க முடியாதுங்க. டோல்கேட்டுல கம்பியப் பிடிச்சுட்டேன், முழுக் கையால. கழுவுனேன், கழுவுனாலும் எனக்கு நம்பிக்கை இல்ல. அடுத்த வாரம் சுத்தமா வர்றேன். என்னாலதாங்க உங்களுக்கு வந்துச்சு. டீயால இல்ல. என்னாலதான். தவமணி மதினிகிட்டச் சொல்லிருங்க. 

கேட்டீகளாம்மா, அவுக சொல்றத? தெரியும்ங்கிறாக. அந்த நர்ஸு அன்னைக்கே முந்தானை விசயத்த அவுககிட்டச் சொல்லிருச்சாம். தெரிஞ்சுக்கிட்டுத்தான் ரெண்டு மாசமா நீ சாப்பிட்டியா நீ தூங்குனியான்னு கேட்டிருக்காக. அந்தப் பெஞ்சுல வச்சுக்கூட ஒரு வார்த்த சொல்லல. சொன்னா நான் தாங்க மாட்டேன்னு.

என்னங்க? என் கையும் அழுக்குத்தான், எறங்கி வாடிங்கிறாக.

நகருங்கம்மா கொஞ்சம். பையக் குடுங்க. பஸ்ஸு நின்னுதான் இருக்கு, இருந்தாலும் உங்க தோளப் பிடிச்சுக்கிடுறேன். சேவியர் தம்பி, விசிலு அடிச்சுறாத. ஆளு எறங்குது.